நாற்காலி யாருக்குப் பதில் சொல்கிறது?
பெலிக்ஸ் எபூவேயை முன்வைத்துச் சில கேள்விகள்

பிரெஞ்சுக் காலனி அதிகாரி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தூய்ப்ளே. பாண்டிச்சேரியில் அவருக்குச் சிலை நிற்கிறது. அவரைப் பற்றி எழுத இங்கே பக்கம் இல்லை. அதே பிரெஞ்சு அரசின் உடுப்பைப் போட்டு, அதே மாதிரி கவர்னர் நாற்காலியில் உட்கார்ந்த ஒரு கறுப்பரைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும். பெயர் பெலிக்ஸ் எபூவே. தென் அமெரிக்காவின் வடகரையில் இருக்கும் பிரெஞ்சு கயானாவில், கயேன் நகரத்தில், 1884 டிசம்பரில் பிறந்தவர். அடிமைகளின் வழிவந்தவர். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1848-ல். எபூவே பிறப்பதற்கு 36 வருஷம் முன்புவரை அந்த ஊரில் கறுப்பு உடம்புக்கு விலை போட்டு வாங்கினார்கள், விற்றார்கள். அப்படிப்பட்ட சனத்திலிருந்து வந்த ஒருவர் 1940-ல் பிரெஞ்சு நிலநடுக்கோட்டு ஆப்பிரிக்கா முழுமைக்கும் கவர்னர் ஜெனரல் ஆனார். செத்துப்போன பிறகு, 1949-ல், வொல்தேரும் ரூசோவும் விக்தோர் யூகோவும் கிடக்கிற பாரீஸ் பாந்தேயோனில் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே போன முதல் கறுப்பர் அவர்.

இதைச் சொன்னதும் இரண்டு விதமான சத்தம் கேட்கும். "பார்த்தீர்களா, பிரான்சுக்கு நிறம் தெரியாது. திறமை இருந்தால் அடிமையின் வாரிசும் கவர்னர் ஆகலாம்" என்பது ஆளுகிறவர்களின் சத்தம். "வெள்ளைக்காரனுக்குக் குடை பிடிச்சவன். கைக்கூலி. தள்ளுங்கய்யா" என்பது நம்மைப் போன்றவர்களின் சத்தம். முதலாவது பொய். இரண்டாவதைப் பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒருவரைக் கைக்கூலி என்று திட்டிவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடுகிறது. அந்த நாற்காலி எப்படி இயங்குகிறது, யாருக்குப் பயப்படுகிறது, யாரை மிதிக்கிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. எபூவேயின் உத்தியோக வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்குத்தான் பதில் கிடைக்கிறது.

சலுகையில் வந்ததல்ல

எபூவேயின் அப்பா காட்டுக்குள் தங்கம் சலிக்கப் போனவர். அம்மா மளிகைக் கடை வைத்திருந்தவர். படிப்பில் கெட்டிக்காரப் பையன். உபகாரச் சம்பளம் கிடைத்து 1901-ல் பிரான்சில் பொர்தோ நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். நல்ல கால்பந்தாட்டக்காரர். அங்கேதான் ரெனே மரான் என்கிற இன்னொரு கறுப்பு மாணவன் நண்பனானான். இந்த மரானைப் பிறகு சந்திப்போம். அடுத்து பாரீஸ். காலனிகளுக்கு அதிகாரிகளைத் தயாரிக்கும் காலனியப் பள்ளியில் படித்து 1908-ல் தேறி வெளியே வந்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் உபாங்கி-ஷாரி. இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு.

அடுத்த 20 ஆண்டுகளுக்கு மேல் காட்டு மாவட்டங்களிலேயே காலம் கழிந்தது. கவர்னர் மாளிகைப் பக்கம் போக 50 வயதை நெருங்க வேண்டியிருந்தது. "திறமை இருந்தால் வரலாம்" என்கிறவர்கள், எத்தனை வருஷம் காக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இல்லை.

சும்மா இருந்த அதிகாரியும் அல்ல. சாங்கோ, பண்டா, பயா, மஞ்ஜியா ஆகிய நான்கு மொழிகளைப் பற்றி 1918-ல் புத்தகம் போட்டார். உபாங்கி மக்களைப் பற்றி 1933-ல் இன்னொரு நூல். பறையடித்தும் சீழ்க்கை அடித்தும் செய்தி சொல்லும் அவர்களுடைய முறையை இசைக் குறிப்புகளாக ஆராய்ந்து எழுதினார். வெள்ளை அதிகாரிகளில் பலர் மொழிபெயர்ப்பாளனை நம்பி, சாட்டையை நம்பி ஆட்சி நடத்திய இடத்தில், இந்த மனிதர் உட்கார்ந்து மொழி படித்தார். இதை மறுப்பதில் நமக்கு எந்த லாபமும் இல்லை.

பருத்தி

ஆனால் அவர் போய் இறங்கிய மண் எப்படிப்பட்டது? 1899-ல் பிரெஞ்சு அரசு அந்தப் பிரதேசத்தை 40 கம்பெனிகளுக்கு 30 வருஷக் குத்தகையாகக் கூறுபோட்டுக் கொடுத்தது. காட்டு ரப்பரும் யானைத் தந்தமும் கம்பெனிக்குச் சொந்தம். அங்கே வாழ்ந்த சனம்? அவர்களும் கம்பெனிக்கு வேலைசெய்யத்தான். 1903-ல், ஜூலை 14 அன்று, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்று பிரான்சு கொண்டாடுகிற அதே நாளில், போர் கிரம்பெல் என்ற இடத்தில் இரண்டு வெள்ளை அதிகாரிகள் சம்பந்தப்பட்டு பக்பா என்கிற கைதியை டைனமைட் வைத்துக் கொன்றார்கள். தோக்கே, கோ என்ற அந்த இருவருக்கும் 1905-ல் ஐந்தைந்து வருஷ தண்டனை. அதையும் முழுசாக அனுபவிக்கவில்லை. எபூவே அங்கே போவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்த சங்கதி இது.

சட்டம் எப்படி இருந்தது? அங்கே இருந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் கிடையாது, பிரெஞ்சுப் பிரஜைகள். ஓட்டு இல்லை. சங்கம் இல்லை. 'பூர்வகுடிச் சட்டம்' என்று ஒன்று இருந்தது. அதன்படி, கோர்ட்டு விசாரணை எதுவும் இல்லாமல் நிர்வாக அதிகாரியே ஒருத்தனைச் சிறையில் தள்ளலாம், அபராதம் போடலாம். தலைக்கு இவ்வளவு என்று வரி. காசு இல்லையா? அப்போ ரப்பர் கொண்டு வா, சுமை தூக்கு, ரோடு போடு.

இந்தச் சட்டத்தை கையில் வைத்துக்கொண்டுதான் எபூவே அதிகாரியாக இருந்தார். 1920களின் நடுவில் தன் பகுதியில் பருத்திச் சாகுபடியைக் கொண்டுவந்து பரப்பினார். பருத்தி வந்தால் குடியானவன் கையில் காசு புரளும், வரி கட்ட முடியும், வாழ்க்கை நிமிரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஆனால் பருத்தி போடுவது குடியானவனின் விருப்பம் அல்ல, நிர்வாகத்தின் கட்டளை. வாங்கும் உரிமை சில கம்பெனிகளுக்கு மட்டும். விலையைச் சொல்வதும் விதைத்தவன் அல்ல. வந்த காசு திரும்ப வரியாக அதே நிர்வாகத்துக்குப் போனது. அடிமையாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கடத்தப்பட்டவர்களின் வாரிசு, ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி வந்து, அங்கே மிச்சம் இருந்தவர்களைப் பருத்திக் காட்டில் நிறுத்தினார். வரலாறு சில நேரம் இப்படித்தான் கன்னத்தில் அறைகிறது.

அதே வருஷங்களில்தான் கொங்கோ-பெருங்கடல் ரயில் பாதை போடப்பட்டது. 1921-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அந்த வேலைக்கு உபாங்கியிலிருந்தும் சாட்டிலிருந்தும் ஆட்களைப் பிடித்து அனுப்பினார்கள். செத்தவர்கள் 15,000-க்கு மேல். தாங்க முடியாத சனம் 1928-ல் எழுந்தது. கார்னு என்கிற பயா மனிதர் முன்நின்ற அந்தக் கலகத்துக்கு 'கொங்கோ-வாரா', அதாவது மண்வெட்டிக் காம்புப் போர் என்று பெயர். கார்னு அதே வருஷம் டிசம்பரில் கொல்லப்பட்டார். கலகத்தை அடக்க 1931 வரை பிடித்தது. வரி வாங்கி, ஆள் பிடித்துக் கொடுத்து, கலகம் அடக்கிய அந்த நிர்வாகத்தில் எபூவே ஒரு பல்சக்கரம். மொழி தெரிந்த, மனசு உள்ள, நேர்மையான பல்சக்கரம். சக்கரம் நேர்மையாக இருந்தால் இயந்திரம் இன்னும் நன்றாகத்தான் ஓடும்.

நண்பன் எழுதிய நாவல்

இப்போது மரானிடம் வருவோம். ரெனே மரானும் அதே உபாங்கி-ஷாரியில் காலனி உத்தியோகத்தில்தான் இருந்தார். அங்கே கண்டதை வைத்து 'பத்துவாலா' என்று நாவல் எழுதினார். 1921-ல் அதற்கு பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் கிடைத்தது. அந்தப் பரிசு வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். நாவலுக்கு எழுதிய முன்னுரையில் காலனி ஆட்சி செய்கிற அட்டூழியத்தைப் பச்சையாகச் சொல்லியிருந்தார். பாரீசில் பரிசு, காலனிகளில் தடை. மரானின் உத்தியோகம் போனது.

ஒரே பள்ளிக்கூடம், ஒரே மண், ஒரே நிறம். ஒருத்தர் எழுதிவிட்டு வெளியே வந்தார். இன்னொருத்தர் உள்ளே இருந்து சரிசெய்யலாம் என்று தங்கினார். மரான் வீரர், எபூவே துரோகி என்று உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். இருவரும் கடைசிவரை நண்பர்கள். 1957-ல் எபூவேயின் வாழ்க்கையை நூலாக எழுதியதே மரான்தான். அதில் அவரை 'விசுவாசமான ஊழியர்' என்று தலைப்பிலேயே குறிப்பிட்டார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் விசுவாசம் யாருக்கு என்று நாம் கேட்டாக வேண்டும்.

குவாதலூப்பில் வேறொரு எபூவே

1936-ல் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. எபூவேயைக் குவாதலூப் தீவின் கவர்னர் பொறுப்புக்கு அனுப்பியது. ஒரு கறுப்பர் அந்தப் பதவிக்குப் போவது அப்போது பெரிய சேதி. அங்கே இரண்டு வருஷம் இருந்தார். சர்க்கரை ஆலைத் தகராறுகளில் தொழிலாளி தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். பிரான்சில் வந்த சமூகச் சட்டங்களை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றார். ஏழைகளுக்கு வீடு பற்றி யோசித்தார். ஆலை முதலாளிகளின் பகையைச் சம்பாதித்தார். உபாங்கியில் பருத்திக்கு நெருக்கியவரா இவர் என்று தோன்றும்.

ஆள் மாறவில்லை. கீழே இருந்த சனம் வேறு. குவாதலூப் கறுப்பர்கள் 1848-ல் அடிமைத்தளை அறுந்தபோதே குடிமக்கள் ஆனவர்கள். அவர்கள் கையில் ஓட்டு இருந்தது. 1898-லேயே லெழித்திமுஸ் என்கிற கறுப்பு சோசலிஸ்டைப் பாரீஸ் சட்டமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1910-லும் 1925-லும் கரும்புத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச் சூடு வாங்கியிருந்தார்கள். அங்கே கவர்னர் ஒரு காரியம் செய்தால் கேள்வி கேட்கச் சங்கம் இருந்தது, பத்திரிகை இருந்தது, தேர்தல் இருந்தது. எபூவேயிடம் இருந்த நல்ல குணத்துக்கு அங்கே ஒரு பிடிமானம் கிடைத்தது. உபாங்கியில் அந்த நல்ல குணம் மொழி ஆராய்ச்சியாகப் போய் முடிந்தது.

நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் தோழர்களே. அதிகாரியின் மனச்சாட்சி என்று ஒன்று தனியாக வேலை செய்வதில்லை. கீழே இருந்து ஒரு கை அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்க ஆள் இல்லாத இடத்தில், மேலே இருப்பவன் இழுத்த பக்கம் அது போகும்.

1940

1939 தொடக்கத்தில் எபூவே சாட் நாட்டின் கவர்னராகப் போனார். 1940 ஜூனில் பிரான்சு ஹிட்லரிடம் விழுந்தது. வீஷி அரசு ஜெர்மனியோடு கைகோத்தது. லண்டனிலிருந்து திகோல் தனியாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். கையில் நிலம் இல்லை, படையும் பெரிதாக இல்லை. நாசிசம் வென்றால் கறுப்பர்களின் கதி என்ன என்பதைப் புரிந்துகொள்ள எபூவேக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்ட் 26-ல் சாட் திகோல் பக்கம் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்த நாட்களில் கேமரூனும் கொங்கோவும் வந்தன. செப்டம்பரில் நம் பக்கத்துப் பாண்டிச்சேரியும் கவர்னர் பொன்வேன் கீழ் அதே வழியில் போனது. வீஷி அரசு எபூவேக்கு மரண தண்டனை விதித்தது. திகோல் அவரை நவம்பரில் கவர்னர் ஜெனரல் ஆக்கினார். சுதந்திர பிரான்சின் தலைநகரம் பிராசவில்.

துணிச்சலான காரியம். சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தின் செலவை யார் கட்டினார்கள்? போருக்கு ரப்பர் வேண்டும் என்று மறுபடியும் சனத்தைக் காட்டுக்குள் விரட்டினார்கள். கட்டாய வேலை கூடியது. லெக்ளேர் தலைமையில் சாட்டிலிருந்து பாலைவனம் கடந்து 1941 மார்ச்சில் கூஃப்ராவைப் பிடித்த படையில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். 1943-ல் அந்தப் படையை 2ஆவது கவசப் படைப்பிரிவாக மாற்றியபோது கறுப்புச் சிப்பாய்களைக் கழற்றிவிட்டார்கள். 1944 ஆகஸ்டில் பாரீசுக்குள் அது விடுதலைப் படையாக நுழைந்தபோது ஏறக்குறைய முழுக்க வெள்ளை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஜெர்மன் சிறையிலிருந்து மீண்டு வந்து சம்பளப் பாக்கி கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களை செனகலின் தியாருவா முகாமில் பிரெஞ்சு ராணுவமே சுட்டுக் கொன்றது. அதைப் படுகொலை என்று பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புக்கொள்ள 2024 ஆனது. எபூவே இதைப் பார்க்கவில்லை. 1944 மே 17-ல் கெய்ரோவில் இறந்துவிட்டார்.

மத்சுவாவின் பிணம்

கவர்னர் ஜெனரல் எபூவேயின் முக்கியமான ஆவணம் 1941 நவம்பர் 8-ல் வெளியான சுற்றறிக்கை. பூர்வகுடிகளின் பழக்கவழக்கத்தை மதிக்க வேண்டும், மரபான தலைவர்களுக்கு மரியாதை தர வேண்டும் என்கிறது அது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதன் கட்டுமானத்தைப் பாருங்கள். மேலே பிரெஞ்சு நிர்வாகம், நடுவில் பரம்பரைத் தலைவன், கீழே சனம். படித்த கறுப்பர்களுக்கு மட்டும் 'முன்னேறிய பிரமுகர்' என்று 1942-ல் தனி அந்தஸ்து. அதுவும் போர் முடியும்வரை சில நூறு பேரைத் தாண்டவில்லை. மரபைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி மரபுக்குள் இருக்கிற ஏணிப்படியையும் சேர்த்துக் காப்பாற்றும் தந்திரத்தை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

அதே காலத்தில் பிராசவில் பக்கத்து லாரி மக்கள் என்ன கேட்டார்கள்? ஆந்த்ரே மத்சுவா, பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர், 1926-ல் பாரீசில் ஒரு சங்கம் தொடங்கினார். கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை: எங்களையும் குடிமக்களாக்கு, பூர்வகுடிச் சட்டத்தை எடு. இதற்காக அவர் பட்ட சிறைவாசம் கொஞ்சமல்ல. 1941-ல் பிராசவில்லில் ஆயுள் தண்டனை. 1942 ஜனவரியில் மயாமா சிறையில் மரணம். அப்போது கவர்னர் ஜெனரல் நாற்காலியில் இருந்தவர் பெலிக்ஸ் எபூவே. குவாதலூப்பில் தன் சனத்துக்கு எது கிடைத்திருந்ததோ, எது தன்னைப் பள்ளிக்கூடத்துக்கும் பதவிக்கும் கொண்டுவந்ததோ, அந்தக் குடியுரிமையைத்தான் மத்சுவா கேட்டார்.

லாரி மக்கள் மத்சுவா செத்ததையே ஒப்புக்கொள்ளவில்லை. போருக்குப் பிறகு தேர்தல் வந்தபோது 1950கள் வரை செத்தவரின் பெயருக்கே ஓட்டுப் போட்டார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தார்கள் நிர்வாகிகள். உயிரோடு இருக்கிற எவனையும் நம்ப முடியாத சனம் வேறு யாருக்குப் போடும்?

1944 ஜனவரி 30-லிருந்து பிப்ரவரி 8 வரை பிராசவில் மாநாடு. ஆப்பிரிக்காவின் எதிர்காலத்தைப் பேச கவர்னர்கள் கூடினார்கள். அதில் முடிவு செய்யும் இடத்தில் ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை. படித்த ஆப்பிரிக்கர்கள் எழுதிக் கொடுத்ததை எபூவே சபையில் வைத்தார். கட்டாய வேலையை ஐந்து வருஷத்துக்குள் படிப்படியாக எடுக்கலாம் என்றது மாநாடு. சுயாட்சி என்ற பேச்சே, எவ்வளவு தூரத்து எதிர்காலத்திலும், கூடாது என்றது.

ஐந்து வருஷமும் ஐந்து மாதமும்

அப்புறம் என்ன நடந்தது? 1945 அக்டோபரிலும் நவம்பரிலும் காலனிகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் பாரீஸ் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார்கள். ஐந்தாறு மாதத்தில், 1946 ஏப்ரல் 11-ல், உஃபுவே-புவாஞி கொண்டுவந்த சட்டம் கட்டாய வேலையை ஒரேயடியாக ஒழித்தது. மே மாதம் லமின் கெய் சட்டம் எல்லோரையும் குடிமக்கள் என்றது. கவர்னர்கள் ஐந்து வருஷம் அவகாசம் கேட்டதை, சனத்தின் ஓட்டில் வந்தவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்தார்கள். அந்தச் சபையில் குவாதலூப்பிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கறுப்புப் பெண்ணும் இருந்தார். எழெனி எபூவே-தெல். பெலிக்ஸ் எபூவேயின் மனைவி. கணவர் கவர்னர் ஜெனரலாக இருந்து ஒழிக்க முடியாததை ஒழித்த சபையில் மனைவி உறுப்பினர். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1946 நவம்பரில் உபாங்கி-ஷாரி அனுப்பிய முதல் ஆப்பிரிக்கப் பிரதிநிதி பார்தெலெமி பொகாந்தா. ரப்பர் போதுமான அளவு கொண்டுவரவில்லை என்று கம்பெனி அடியாட்கள் அடித்ததில் தாயை இழந்தவர். எபூவேயின் கோப்புகளில் வரியாகவும் எண்ணிக்கையாகவும் மட்டுமே இருந்த சனத்திலிருந்து வந்தவர். அவரும் பாதிரியார் அங்கி போட்டுப் படித்தவர்தான், பிரெஞ்சு பேசியவர்தான். ஆனால் அவரைப் பாரீஸ் நியமிக்கவில்லை, உபாங்கி அனுப்பியது. 1959-ல் விமான விபத்தில் அவர் இறந்ததற்கு அடுத்த வருஷம் நாடு விடுதலை பெற்றது.

1949 மே 20-ல் எபூவேயைப் பாந்தேயோனுக்குக் கொண்டுபோனார்கள். கூடவே அடிமை ஒழிப்புக்குப் போராடிய வெள்ளையரான ஷோல்ஷேரையும். இரண்டு வருஷம் முன்புதான் மடகாஸ்கரில் எழுந்த மக்களை ஆயிரக்கணக்கில் கொன்று அடக்கியிருந்தது அதே பிரான்சு. பேரரசு ஆட்டம் காணும்போது ஒரு கறுப்புச் சமாதி தேவைப்பட்டது. எபூவே செத்த பிறகும் உத்தியோகம் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இன்றைக்கு பாரீசில் அவர் பெயரில் சதுக்கம் இருக்கிறது. 2012-லிருந்து கயேன் விமான நிலையத்துக்கு அவர் பெயர்.

பெயர் வைக்கட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் நாற்காலியில் ஏறக்கூடாது என்றும் யாரும் சொல்ல வேண்டாம். காலங்காலமாய்க் காலுக்குக் கீழே வைத்திருந்தவனின் நாற்காலியில் நம் ஆள் உட்காருவதே ஒரு அடிதான், அந்த அடி விழத்தான் வேண்டும். ஆனால் "நம்ம ஆளு வந்துட்டாரு, இனி அவரு பாத்துக்குவாரு" என்று வீட்டுக்குப் போய்விட்டால், அவரைப் பார்த்துக்கொள்ள மேலே இருக்கிறவர்கள் தயாராக இருக்கிறார்கள். உபாங்கியில் எபூவேயைக் கெடுத்தது அவருடைய குணம் அல்ல. அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை கீழே எவருக்கும் இல்லாமல் வைக்கப்பட்டிருந்ததுதான். குவாதலூப்பில் அந்த உரிமையைச் சுடப்பட்டுச் செத்தவர்கள் வாங்கி வைத்திருந்தார்கள்.

ஆகவே, ஒருவர் பதவி ஏறும்போது நாம் கேட்க வேண்டியது, அவர் யார் பிள்ளை என்பதோடு நிற்கக்கூடாது. நாளைக் காலையில் அவர் வாசலில் போய் நின்று, "அந்தக் கோப்பு என்னாச்சு?" என்று கேட்க நம்மிடம் சங்கம் இருக்கிறதா? அதைக் கட்டுகிற வேலையை எந்த கவர்னரும் நமக்காகச் செய்து தரமாட்டார்.